ராணுவ முகாமில் நான் கொட்டிய ஜல்லி

ஜல்லி கொட்டிப் பாதை போடும் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். நாம் போட்ட பாதையை மிதிக்கிற ஒவ்வொருவருக்கும் நம்மைவிட அதிகம் தெரியும். கேரளத்துச் சித்தூருக்குக் கிழக்கே ஒரு ராணுவ முகாமில் போன வருஷம் நான் மேஸ்திரியாக இருந்தேன்.

மண் தின்ற மூன்று லோடு

முகாமின் குடும்பக் குடியிருப்புக்குப் போகும் பாதை சுத்தக் கரிசல். ஒரே ஒரு கோடைமழைக்குத் தண்ணி லாரி அச்சுவரை புதைந்தது. மூன்று லோடு ஜல்லி கொட்டினோம். இரண்டே நாளில் எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது.

சூரியநெல்லி எஸ்டேட்டில் பிறந்த ஹவில்தார் ஒருவர் தினமும் வந்து பூட்ஸ் காலால் அழுத்திப் பார்ப்பார். அவர் மனைவிக்கு நிறைமாதம். ஆம்புலன்ஸ் வருவதற்கு வேறு வழி கிடையாது. மனுஷன் கோபப்படாமல் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணாச்சி, எம்புள்ள பொறக்கதுக்குள்ள இந்த மண்ணுக்கு வயிறு நெறஞ்சிருமா?"

நல்ல வேலைக்குத் திட்டு

கரிசலை முழங்கால் ஆழம் தோண்டி எடுத்து, செம்மண் நிரப்பி, மேலே ஜல்லி போட்டு ரோலர் ஓட்டினோம். நின்றது. அந்தப் பெருமையில் ரோலர் ஓட்டுகிற மாரியப்பன், ஆயுதக் கிடங்கைச் சுற்றி உதிரியாகக் கிடந்த ஜல்லியையும் தார் ரோடு கணக்காக அழுத்திவிட்டான். நானும் பக்கத்தில் நின்று பலே போட்டேன்.

காவலுக்கு நின்ற சிப்பாய் கத்திக்கொண்டே ஓடிவந்தார். யாராவது கிட்டே வந்தால் காலடிச் சத்தம் கேட்கட்டும் என்றுதான் அங்கே ஜல்லியை உதிரியாக விட்டிருந்தார்களாம். ஒரு நாள் முழுக்கக் கடப்பாரையால் கிளறினோம். மாரியப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"ஏனுங்க மேஸ்திரி, வேலைய ஒழுங்காச் செஞ்சு பேச்சு வாங்கறது நாம மட்டுந்தானுங்களா?"

ஆம்புலன்ஸ் வந்த காலை

எடவப்பாதி என்று அந்தப் பக்கம் சொல்கிற ஜூன் மாத மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் ஆம்புலன்ஸ் வந்தது. நானும் மாரியப்பனும் பலகையும் மண்வெட்டியுமாக ஓரத்தில் நின்றோம். வண்டி உள்ளே போய், ஹவில்தாரையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு திரும்பியது. டயர் ஒரு விரல்கூட இறங்கவில்லை. ஜன்னல் வழியாக ஹவில்தார் எனக்கு சல்யூட் வைத்தார். அழுதுவிட்டேன், மறைப்பானேன்.

பெண் குழந்தை. பத்து நாள் கழித்து வீடு திரும்பும்போது அந்த அம்மா ஜீப்பை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். குடியிருப்பு முனையில் வேகத்தடை வைப்பது முகாம் விதி. நான் விதிக்கு மேல் நாலு விரல் உயர்த்தியே வைத்திருந்தேன்.

"வண்டி பொதையல, நீங்க நல்லாருக்கணும் அண்ணாச்சி. ஆனா அந்த மேட்டுல குதிச்ச குதிப்புல எம்மவ அங்கனக்குள்ளயே பொறந்திருப்பா!"

இப்போதெல்லாம் எங்கே வேகத்தடை போடச் சொன்னாலும், அக்கம்பக்கத்தில் யாராவது மாசமாக இருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுத்தான் மண்வெட்டியைக் கையில் எடுக்கிறேன்.