மனோன்மணி மாமி வாங்கிய குளிர் ஜாக்கெட்டுகள்

ஆஸ்பத்திரியில் மாமியின் கட்டிலருகே இரண்டு நாள் இருந்துவிட்டு, குளித்து விளக்கேற்றி வரலாம் என்று அன்று காலைதான் இல்ஃபோர்ட் வீட்டுக்கு வந்திருந்தேன். ஈரத் தலையைத் துவாயால் சுற்றிக்கொண்டு சுவாமிப் படத்தின் முன் நிற்கும்போது தொலைபேசி அடித்தது. தாயாருடன் நின்ற என் கணவர்தான் பேசினார்.

“இஞ்சருமப்பா, அம்மா போயிட்டா. விளக்கு ஏத்தீட்டீரோ?”

“இல்லை. இப்பதான் தீப்பெட்டியைக் கையில எடுத்தனான்.”

“அப்ப ஏத்தாதையும்.”

சாவு விழுந்த துடக்கு வீட்டில் விளக்கேற்றுவதில்லை. தீப்பெட்டியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு அப்படியே நின்றேன். என் மாமியார் திருமதி மனோன்மணி அவர்கள் இல்லாத வீட்டில் நான் கழித்த முதல் நிமிடம் அதுதான்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு மருமகளும் ஏதாவது எழுத வேண்டும் என்றார்கள். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவள் அல்ல. அடுப்படியில் இருந்தபடி வாசித்துப் பழகிய தமிழ்தான் என்னுடையது. மாமியின் பக்தியையும் சமையலையும் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். சீனாவில் அவரோடு இருந்த காலத்தை அறிந்தவர்கள் நானும் என் கணவரும் மட்டுமே. ஆகவே அதை எழுதுகிறேன்.

மாமிக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவர் நேசன். நான் அவரைப் பெரியத்தான் என்றே சொல்வேன், நேரில் கண்டதில்லை என்றாலும். கிளிநொச்சியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். போரின் கடைசி மாதங்களில், இடம்பெயர்ந்து ஓடிய சனத்துக்குள் மாமியின் கையை விட்டுப் பிரிந்தார். அன்றைக்கு அவர் போட்டிருந்தது ஓர் அரைக்கைச் சேட்டு. பிறகு அவரைக் கண்டதாகவும் ஒருவரும் சொல்லவில்லை, இறந்ததாகவும் ஒருவரும் சொல்லவில்லை.

போர் முடிந்தபின் இளைய மகனான என் கணவர் மாமியை லண்டனுக்கு அழைத்துக்கொண்டார். எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு படங்கள் இருந்தன. காலமாகிவிட்ட மாமாவின் படத்துக்கு மாலை உண்டு. பெரியத்தானின் படத்துக்கு இல்லை. காணாமற்போனவருக்கு, வருடங்கள் கழிந்தால், தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து கிரியை செய்யலாம் என்று கோயில் ஐயர் சொல்லியிருந்தார். அதைச் செய்துவிட வேண்டும் என்பது என் கணவரின் எண்ணம். அண்ணருடைய ஆன்மா அலையக் கூடாதே என்ற கவலைதான் அவருக்கு. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அதை எடுத்தார். மாமி கோபிக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்:

“உன்ர அண்ணனைப் புல்லில செய்து எரிக்கப் போறியோ?”

அதற்குப் பிறகு அந்தக் கதை எழுந்தாலே தாயும் மகனும் இரண்டு நாளைக்குப் பேச மாட்டார்கள். நான் நடுவில் நின்று தேத்தண்ணீர் ஊற்றுவேன்.

அந்த நிலையில்தான் கணவரின் கப்பல் கம்பனி அவரைச் சில வருடங்களுக்குத் தியான்ஜின் நகரத்துக்கு அனுப்பியது. வட சீனத்துத் துறைமுக நகரம். மூன்று பேருமாகப் போனோம். ஒரே மாதிரியான உயர்ந்த கட்டடங்கள் நிறைந்த வளவில், பதினோராம் மாடியில் வீடு. மின்தூக்கிக்குள் ஏறினால் எல்லோரும் எங்களைத்தான் பார்ப்பார்கள். சிலர் கேட்டுவிட்டுப் படமெடுப்பார்கள், சிலர் கேட்காமலே எடுப்பார்கள். சந்தையில் காசைக் கையால் தொடும் பழக்கமே அற்றுப்போயிருந்தது. கீரைக் கிழவியும் கைபேசியைத்தான் நீட்டுவார். தாகமென்றால் சுடுதண்ணீர் தருவார்கள். பச்சைத் தண்ணீர் குடித்தால் ஏதோ நஞ்சைக் குடித்தவளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

நான் கைபேசியில் சீனம் படித்தேன். சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கினேன். அப்படிப் பாடமாக்கிய வசனத்தைச் சந்தையில் சொன்னால், கேட்பவர் முகம் சுருங்கும். மாமியோ ஒரு சொல்லும் படிக்கவில்லை. முதல் நாளே கத்தரிக்காய்க்காரரிடம் போய், எங்கள் ஊர்ச் சந்தையில் நிற்பதுபோல நின்று பேசினார்.

“தம்பி, இது முத்தல். கீழ இருக்கிறதில பிஞ்சா எடும்.”

அவர் குனிந்து கீழிருந்த பெட்டியில் பிஞ்சாக எடுத்துக் கொடுத்தார். கூடவே சீனத்தில் நீளமாக ஏதோ சொன்னார். மாமி தலையாட்டிக் கேட்டுவிட்டு, “ஓம், மழையெண்டால் அப்பிடித்தான்” என்றார்.

“மாமி, அவர் சொன்னது விளங்கினதோ?”

“விளங்காமல் என்ன? வந்த சாமான் காணாதெண்டு சொல்லுறார். சந்தைக்காரர் வேற என்னத்தைச் சொல்லப் போயினம்?”

நான் படித்த சீனத்தை வைத்துப் பார்த்தால், அவர் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.

பத்தாம் மாடியில் லியூ என்ற அம்மையார் தனியே இருந்தார். கணவரை இழந்தவர். மாலையில் வளவு முற்றத்தில் பாட்டுப் போட்டுக் கூட்டமாக ஆடும் பெண்களில் ஒருவர். முதல் சந்திப்பில், மாமியின் நெற்றியில் இருந்த திருநீற்றை மா என்று நினைத்து, எச்சில் தொட்ட பெருவிரலால் துடைத்துவிட்டார். நான் பதறிப்போனேன். மாமி சிரித்தார்.

“அடி தங்கச்சி, அது மா இல்லையடி. நில்லு, உனக்கும் பூசிவிடுறன்.”

அன்றிலிருந்து அவர்கள் கூட்டாளிகள். லியூ அம்மா சீனத்தில் பேசுவார், மாமி தமிழில் பேசுவார். முட்டைக்கோவாவை நறுக்கியபடி மணிக்கணக்காக இருப்பார்கள். இடையில் மொழிபெயர்க்க நான் போனால் இருவருமே என்னைக் கையால் விலக்குவார்கள்.

இரண்டாம் வருடம் தீபாவளி கழிந்து குளிர் இறங்கியது. அந்த நகரத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சூடாக்கி இல்லை. ஊர் முழுவதற்கும் ஒரே நாளில் குழாய் வழியே சூடு திறந்துவிடுவார்கள். அந்த நாள் வரும்வரை வீட்டுக்குள்ளும் மேற்சட்டையோடுதான் இருக்க வேண்டும். அப்படியொரு பின்னேரம் லியூ அம்மா கதவைத் தட்டினார். கையில் கடதாசியால் செய்த உடுப்புகள் இருந்தன. சட்டை, காற்சட்டை, தொப்பி, எல்லாம் நீலக் கடதாசி. அவர்களுடைய பத்தாம் மாதம் பிறக்கும் நாளில், இறந்தவர்கள் குளிரில் நடுங்கக் கூடாது என்று தெருச்சந்தியில் சோக்கட்டியால் வட்டம் கீறி, அதற்குள் இந்த உடுப்புகளை எரிப்பார்களாம். நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன். கந்தசட்டி விரதம் தொடங்கும் அதே நாள். அமாவாசைக்கு மறுநாள் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒன்றாகவே விழுகிறது.

லியூ அம்மா தம் கணவருக்கு ஒரு சோடி வாங்கியபோது, எங்கள் சுவரில் கண்ட இரண்டு படங்களுக்கும் இரண்டு சோடி சேர்த்து வாங்கியிருக்கிறார். மாமாவின் படத்தைக் காட்டி ஒரு சோடியை நீட்டினார். பெரியத்தானின் படத்தைக் காட்டி மற்றதை நீட்டினார். பிறகு தம் தோள்களைக் கட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டி, “லெங், லெங்” என்றார். அந்தச் சொல் எனக்குத் தெரியும். குளிர் என்று அர்த்தம்.

மாமி முதலாவதை வாங்கிக்கொண்டார். இரண்டாவதை வாங்கவில்லை. லியூ அம்மா விடவில்லை, மறுபடி நீட்டினார். மாமி அந்தக் கடதாசிச் சட்டையின் கையைத் தடவிப் பார்த்தார். முழுக்கை. அவர் முகம் மாறியதை நான் கண்டேன்.

“இது செத்தவைக்கு. அவன் இருக்கிறான்,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “பிள்ளை, அவன் அரைக்கைச் சேட்டோட நிண்டவன். இவ்வளவு காலமும் அவனைச் சாகக் குடுக்க மாட்டனெண்டு சண்டை பிடிச்சன். அவனுக்குக் குளிருமெண்டு ஒருநாளும் நினைக்கேல்லையே. வெளிக்கிடு, சந்தைக்குப் போவம்.”

உடுப்புச் சந்தையில் அன்று நடந்ததை என்னால் மறக்க முடியாது. மாமி கடைக்காரரையே பிடித்து நிறுத்தி ஜாக்கெட்டை மாட்டினார்.

“திரும்பும் தம்பி. ம்ம். அவன் உம்மை விட அரைச் சாண் உயரம். தோள் இன்னும் அகலம்.”

கடைக்காரர் சுற்றிச் சுற்றி நின்றார். பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டார்கள். அவர் உயரம், ஆனால் மெலிவு. கடைசியில் மீன்கடைப் பக்கம் இருந்து ஒருவரை இழுத்து வந்தார்கள். அவருக்குப் போட்டுப் பார்த்ததும் மாமி இரண்டடி பின்னுக்கு நின்று, நீண்ட நேரம் பார்த்தார். “இதுதான்” என்றார்.

வாங்கிய ஜாக்கெட்டை என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. கந்தசட்டி முதல் நாள், விரதத்தோடு, வளவு வாசலுக்குப் போனார். பொதிகள் கொண்டுவரும் ஆள் அங்கே நின்றார். தூர மாகாணத்திலிருந்து பிழைக்க வந்தவர், நாற்பது வயதிருக்கும், போட்டிருந்தது மெல்லிய மேற்சட்டை. மாமி அவருடைய தோளில் ஜாக்கெட்டை வைத்து அளந்தார். அவர் வேண்டாம் என்றார். மாமி மாட்டினார். அவர் மறுபடி வேண்டாம் என்று கழற்றப் பார்த்தார். மாமி கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டார். அவர் காசு கட்டக் கைபேசியை எடுத்தபோது, மாமி அதை வாங்கி அந்தப் புது ஜாக்கெட்டின் பைக்குள்ளேயே போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கேட்டார்: “அண்ணைக்கு வாங்கினதெண்டு சொல்லிப்போட்டு ஆருக்கோ குடுத்திட்டு வாறியளே அம்மா?”

“அவன் எங்க நிக்கிறானோ, அங்கயும் ஒரு தாய் இருப்பாள். அவள் அவனுக்குக் குடுக்கட்டும். இஞ்ச நிக்கிற அவளின்ர பிள்ளைக்கு நான் குடுக்கிறன்.”

என் கணவர் எழுந்து போனார். நான் அடுப்படிக்குள் நின்று கும்பிட்டேன். எந்தச் சாத்திரத்திலும் இல்லாத ஒரு கிரியையை, மொழி தெரியாத ஊரில், ஒரே பின்னேரத்தில் அவர் தாமாகவே கண்டுபிடித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இறந்தவருக்கும் ஆகாது, இருப்பவருக்கும் எட்டாது என்ற இடத்தில் நிற்கிற பிள்ளைக்கு ஒரு தாய் செய்யக்கூடியது அது ஒன்றுதான். நான் எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். அன்றுபோல் ஒருநாளும் என் நெஞ்சு நிறைந்ததில்லை.

வீட்டுக் கணக்கு எழுதுவது என் வழக்கம். அன்று தானம் என்ற தலைப்பில் எழுதப் போனேன். மாமி எட்டிப் பார்த்தார். “அங்க எழுதாதை. வீட்டாற்ற உடுப்பு எண்டு எழுது.” அதன்பின் ஒவ்வொரு வருடமும் அப்படியே எழுதினேன்.

இல்ஃபோர்டுக்குத் திரும்பிய பின்னும் அது நிற்கவில்லை. தீபாவளி முடிந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ மாமி கடைத்தெருவுக்குப் புறப்படுவார். ஒரு வருடம் கார் கழுவும் ஒருவருக்கு, ஒரு வருடம் ரெயில் நிலையத்தடியில் பூ விற்பவருக்கு. பெரியத்தானுக்கு வயது ஏற ஏற, ஜாக்கெட்டின் அளவும் ஏறியது.

“அம்மா, சண்டைக்க காணாமப் போனவருக்குத் தொந்தி வைக்குமோ?” என்று என் கணவர் சீண்டுவார்.

“உனக்கு வைக்கேல்லையே? உன்ர தமையன்தானே.”

சீண்டுவாரே தவிர, கடைக்குக் கூடப் போக மாட்டார். புல் உருவத்தின் எண்ணத்தை அவர் முழுதாக விடவுமில்லை. இதே நிலையில்தான் இந்த ஐப்பசியில் மாமி கண்ணை மூடினார்.

லண்டனில் தகனத்துக்கு நாள் கிடைக்கக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் பிடித்தது. தீபாவளி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மரண அறிவித்தல் எழுதித் தரும் உறவினர், பிளேஸ்டோவில் இருப்பவர், தொலைபேசியில் கேட்டார்:

“பிள்ளையளின்ர பேரில மூத்தவரை எப்பிடிப் போட? காலஞ்சென்ற எண்டோ? இல்லையெண்டால் பேருக்குப் பக்கத்தில ஊர் போட வேணும். எந்த ஊர்?”

என் கணவர் அண்ணரின் படமிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “நாளைக்குச் சொல்லுறன்” என்று வைத்துவிட்டார். மாமி இல்லை. இனி மாலை போடுவதென்றால் தடுக்க ஆளில்லை. மருமகள் இதில் வாய் திறக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் கந்தசட்டியின் முதல் நாள். துடக்கால் இந்த முறை எனக்கு விரதமில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் வெளிக்கிட்டுப் போனார். மத்தியானம் அழைப்பு வந்தது. பின்னால் கடைப் பாட்டுச் சத்தம்.

“இஞ்சருமப்பா, அண்ணைக்கு லார்ஜ் காணுமோ?”

கணக்குப் புத்தகத்தைப் புரட்டிச் சொன்னேன்:

“போன வருசம் லார்ஜ்தான் எடுத்தவ. கை கட்டையாப் போச்செண்டு பிறகு குறைப்பட்டவ.”

“அப்ப எக்ஸ்எல் எடுக்கிறன்.”

வீட்டுக்கு வந்ததும் பிளேஸ்டோவுக்கு எடுத்துப் பேசினார். “முதல்ல அண்ணையின்ர பேர். காலஞ்சென்ற எண்டு போட வேண்டாம். ஊர் இல்ஃபோர்ட் எண்டு போடுங்கோ.”

“அவர் இஞ்ச இல்லையே தம்பி?”

“அவருக்கு உடுப்பு இஞ்சதானே வாங்கிறனாங்கள்.”

அறிவித்தல் அப்படியே அச்சாகி வந்தது.

தகனம் முடிந்து வெளியே வந்தோம். காற்று ஊசியாகக் குத்தியது. வாசலில் ஒருவர் உதிர்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். உயரமான ஆள், ஐம்பதை நெருங்கியவர், மெல்லிய பெனியன் மாதிரி ஒன்றுதான் போட்டிருந்தார். கொள்ளி வைத்த வேட்டியோடு என் கணவர் காருக்குப் போய், ஜாக்கெட்டை எடுத்து வந்து அவருடைய தோளில் வைத்துப் பார்த்தார். என் அண்ணனும் உங்கள் உயரந்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அப்படியானால் அவருக்கு இது வேண்டாமா என்று அந்த மனிதர் கேட்டார்.

“அவருக்கு அங்கே யாரோ கொடுத்திருப்பார்கள்” என்றார் என் கணவர்.

மாமி, அந்த ஜாக்கெட்டுக்குக் கை சரியாக இருந்தது. மணிக்கட்டு வரைக்கும் வந்தது. நீங்கள் ஆறுதலாகப் போங்கோ.