ஆய்வு நாள் நோயாளி

எங்கள் பிளாரன்ஸ் அத்தை உப்பளத்தில் வேலை பார்த்தவள். ஊருக்கு வெளியே தனியார் மருத்துவக் கல்லூரி தொடங்கியதிலிருந்து, அனுமதி தரும் ஆய்வாளர்கள் வரும் நாளில் காலிக் கட்டில்களை நிரப்ப எங்கள் தெருவுக்கு வேன் வரும். இரண்டு மாடிக் கட்டடம் ஆறு மாடியானது. ஒவ்வொரு ஆய்விலும் அத்தை படுத்திருக்கிறாள். மதியம் பிரியாணி உண்டு.

வீட்டின் முதல் பட்டதாரியான எனக்கு அங்கே வேலை கேட்பதற்காக, போன மாதம் என்னையும் கூட்டிப்போனாள். குளுக்கோஸ் ஏற்றியதுபோல் நர்ஸ் அவள் கையில் பிளாஸ்திரி ஒட்டினாள்.

“ஏளா, சிரிக்காத. ஒனக்கு நெஞ்சுவலின்னுல்லா எழுதிருக்கு!” என்றாள் பக்கத்துக் கட்டில் ஆனி.

“ஆபரேசன் முடிஞ்சவ நீ. பிரியாணி கேட்டுராத” என்றாள் அத்தை.

ஆய்வாளர்கள் போனதும் அத்தைக்கு உண்மையாகவே நெஞ்சு வலித்தது. வேர்த்துக் கொட்டியது.

“நடிச்சது போதும், எந்திரிளா” என்று ஆனி சிரித்தாள்.

நான் டாக்டரைத் தேடி மாடி மாடியாக ஓடினேன். எல்லா அறையும் பூட்டிக் கிடந்தது.

“டாக்டர்மாரும் ஒங்கள மாதிரி இன்னைக்கு மட்டுந்தான் தம்பி” என்றார் காவலாளி. “அவங்க பஸ் இப்பந்தான் போச்சு.”

வந்த வேனிலேயே அத்தையை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் மாப்பிள்ளையூரணி தாண்டும் முன்பே உயிர் போய்விட்டது. குளிப்பாட்டுவதற்கு முன் அவள் கையிலிருந்த பிளாஸ்திரியை நான்தான் உரித்தேன். அதன் கீழே ஊசி குத்திய தடமே இல்லை.