அக்கா தெற்குப் பார்த்து நட்ட பேனல்கள்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இந்தத் தை மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. நினைவு மலரில் அக்காவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். கூடப் பிறந்தது நாங்கள் இரண்டே பேர். தள்ளிவிட எனக்கு வேறு ஆளில்லை. நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அடுக்கி விரித்த துணியை நேராக வெட்டச் சொன்னால் வெட்டிவிடுவேன். நாலு வரி நேராக எழுத வரவில்லை. நடுவில் கொஞ்சம் கோபமும் வரும், சொந்தபந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அமராவதி நகர்ப் பக்கம் ஒரு சின்னத் தோட்டத்தில் அக்கா பிறந்தார். அப்பா சீக்கிரமே தவறிவிட்டார். பிளஸ் டூ முடித்த கையோடு அக்கா திருப்பூருக்கு பஸ் ஏறினார். டெய்லராகச் சேர்ந்து, லைன் சூப்பர்வைசர் ஆகி, என்னைப் படிக்க வைத்து, அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். அவருடைய கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, ஸ்க்ரூடிரைவர் இருக்கும். மெஷின் நின்றால் மெக்கானிக் வரட்டும் என்று கை கட்டி நிற்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. "வர்றவங்க வர்றப்ப வரட்டுங்க, அதுவரைக்கும் நாம என்ன, சாமி கும்பிட்டுட்டு நிக்கறதா?" என்று கேட்டுக்கொண்டே மூடியைக் கழற்றிவிடுவார். மெக்கானிக்குகளுக்கு அக்காவைக் கண்டால் ஆகாது.

கல்யாணம் முடிந்து கணியூர்ப் பக்கம் போனாலும், மாமாவும் அக்காவும் இருந்ததெல்லாம் திருப்பூரில்தான். மாமா ரெய்சிங் மெஷின் ஆபரேட்டர். குளிர்கால உடுப்புகளுக்காகத் துணியை உரசி மயிர் எழுப்புகிற மெஷின் அது. அதன் பக்கத்தில் நின்றால் புருவமெல்லாம் பஞ்சு. அந்தப் பஞ்சை மாமா இத்தனை வருஷமும் மூச்சோடு இழுத்திருக்கிறார். ஒரு கட்டத்தில் நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். தூசியை விட்டுப் போய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லி, ஆக்சிஜன் மெஷின் ஒன்றையும் எழுதிக் கொடுத்தார். மகளை அதற்குள் கோவையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அக்கா வேலையை விட்டார். இருவரும் கணியூர்த் தோட்டத்து வீடான சாளைக்கு, மாமாவின் அம்மாவிடம் வந்து சேர்ந்தார்கள். மாமாவின் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

ஆக்சிஜன் மெஷின் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும். ஆனால் கரண்ட் இருந்தால்தான் தரும். தோட்டத்துக் கரண்ட் எப்படி என்று உங்களுக்குத் தெரியாததா? காற்றுக் காலத்தில் ஒரு தென்னை மட்டை விழுந்தால் போதும், லைன் போய்விடும். கரண்ட் போன ஒவ்வொரு முறையும் அக்கா சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஓடுவார். சிலிண்டர் தீர்வதற்குள் கரண்ட் வர வேண்டுமே என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பார்.

சோலார் போடுகிற ஆட்களை வரவழைத்துக் கேட்டார். வந்தவர்கள் எல்லோரும் பேட்டரி வேண்டாம், லைனோடு சேர்த்துவிடலாம் என்றார்கள். "லைன்ல கரண்ட் போனா என்னங்க ஆகும்?" என்று அக்கா கேட்டார். "அப்ப சோலாரும் நின்னுக்கும் மேடம், அது சேஃப்டிக்கு" என்றார்கள். "எனக்குக் கரண்ட் போறப்பத்தானுங்க வேணும். இருக்கறப்ப எனக்கு எதுக்குங்க?" என்று அனுப்பிவிட்டார். பேட்டரியோடு செய்கிற ஒருவர் கிடைத்தார். அவரும் ஆடி கழிந்துதான் வருவேன் என்றார். ஆடிக் காற்றுக்குத்தானே இத்தனை பாடும்! அக்கா புடவையைச் சொருகிக்கொண்டு தானே இறங்கிவிட்டார்.

சாளையின் ஓட்டுக்கூரை பேனலைத் தாங்காது. தாங்கினாலும் மேலே சுத்தியல் போட்டால் கீழே மாமாவின் மேல் தூசி கொட்டும். அதனால் தரையில்தான் என்று முடிவு செய்தார். பகலெல்லாம் போனில் வீடியோ பார்ப்பார். இந்தி வீடியோ என்றால் பழைய கம்பெனியில் அவரிடம் வேலை பார்த்த ஒடிசாப் பெண்ணைப் போனில் பிடித்து அர்த்தம் கேட்பார். கணியூர் லேத்துப் பட்டறையில் பைப்புகளை வெல்டிங் செய்து வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். கடப்பாரை பிடித்துக் குழி தோண்டுவதும் கலவை போடுவதும் என் பங்கு. அளவெல்லாம் அக்கா, அதுவும் டெய்லர் டேப்பில். கால் இஞ்ச் தவறினால், "ஏண்டா தம்பி, இது என்ன பனியனா, இழுத்தா சரியாப் போறதுக்கு?" என்பார்.

பேட்டரிகளை மாட்டுக்கொட்டகைக் கோடியில் வைத்தார். ஆசிட் நெடி மாமாவின் பக்கமே போகக்கூடாது என்று அப்படி ஒரு கணக்கு. எர்த்துக் குழிக்குக் கரியும் உப்பும் கொட்டினார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, திசைப் பேச்சு வருகிற வரைக்கும்.

பேனல் தெற்குப் பார்த்து நிற்க வேண்டும். அது அக்காவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஆனால் மாமாவின் சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, "நோவுக்காரன் இருக்கற ஊட்டுல எமன் தெசையப் பாத்தா நிறுத்துவாங்க? கெழக்க பாத்து வையுங்க, லட்சுமி வருவா" என்றார். அத்தை அழ ஆரம்பித்துவிட்டார். "எனக்கு இருக்கறது ஒரே மவன் கண்ணு. தெக்கால மட்டும் வேண்டாஞ்சாமி" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அழுகிற மாமியாரிடம் அக்கா என்ன பேசுவார்? வாசக்கால் வைக்கிற மாதிரி தேங்காய் உடைத்து, பொட்டு வைத்து, கிழக்குப் பார்த்தே கால்களை நட்டோம். சூரியன் ஏறும்போதே பிடிக்கட்டும் என்று சரிவையும் நன்றாகத் தூக்கி வைத்தோம்.

கிழக்கே தென்னந்தோப்பு. வெயில் தோப்பைத் தாண்டி வருவதற்குள் பாதிக் காலை போய்விடும். மத்தியானத்துக்கு மேல் சூரியன் பேனலின் முதுகுக்குப் போய்விடும். நடுவில் கிடைக்கிற வெயிலில் பேட்டரி என்றைக்குமே நிரம்பவில்லை. அக்கா தினமும் போய் இன்வெர்ட்டர் திரையைப் பார்ப்பார். திரும்பி வந்து சிலிண்டரின் முள்ளைப் பார்ப்பார்.

ஆடி வந்தது. காற்றில் ஒரு மரமே லைன் மேல் சாய்ந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. முதல் ராத்திரி விடியக் கொஞ்சம் இருக்கையில் இன்வெர்ட்டர் கத்தி அடங்கிவிட்டது. மாமாவைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு அக்கா எனக்குப் போன் செய்தார். உடுமலையில் இன்னொரு சிலிண்டர் பிடித்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது, இருந்த சிலிண்டரின் முள் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மாமாவின் உதடு நீலமாக இருந்தது. அக்கா மாமாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் சிலிண்டரை மாட்டி முடிக்கும்வரை அந்தக் கை நிற்கவே இல்லை.

கரண்ட் வந்த மறுநாள் அக்கா கடப்பாரையை எடுத்தார். அத்தை வாசலில் நின்று, "ஏஞ்சாமி, சொல்லச் சொல்லக் கேக்காம..." என்று ஆரம்பித்தார். அக்கா அன்றைக்குத்தான் முதல் தடவையாக அத்தைக்குப் பதில் சொன்னார்.

"எமன் தெக்கால இருந்து வர்றாருன்னு சொல்றீங்க அத்தை. வருசத்துல முக்காவாசி மாசம் வெயிலும் தெக்க சாஞ்சுதானுங்க அடிக்குது. வெயிலுக்குக் கதவைச் சாத்திப் பாத்தாச்சு. அப்பவும் எமன் உங்க மவன் உதட்டு வரைக்கும் வந்துட்டுப் போயிட்டாருங்க."

அத்தை உள்ளே போய்விட்டார். போட்ட கான்கிரீட்டை உடைத்து, தோப்பு நிழல் எட்டாத களத்து மேற்கோரத்துக்குச் சட்டத்தை நகர்த்தி, சரிவைக் குறைத்து, தெற்குப் பார்த்து நட்டோம். இந்த முறை தேங்காய் இல்லை. இரண்டே நாளில் மத்தியானத்துக்கு மேல் பேட்டரி நிரம்ப ஆரம்பித்தது. அதற்குப் பிறகு கரண்ட் இல்லாமல் மாமாவின் மெஷின் ஒரு நிமிஷம் நின்றதில்லை. அத்தை மட்டும் அந்தப் பக்கம் போகவே மாட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாலும் சாளையைச் சுற்றிக்கொண்டு போவார்.

அக்கா ஒரு நீளமான ட்யூப் வாங்கி மாட்டினார். அதன் புண்ணியத்தில் மாமா சாயங்காலம் களம்வரை வந்து நாற்காலி போட்டு உட்காருவார். அக்கா பனியன் வேஸ்ட் துணியை நனைத்துப் பேனலைத் துடைப்பார். மாமா உட்கார்ந்த இடத்தில் இருந்தே, "அந்த மூலையில அழுக்கு இருக்குது பாரு" என்று வேலை சொல்லுவார். "மூச்சு வாங்குதுன்னு சொன்னீங்க, பேச்சுக்கு மட்டும் வாங்கறதில்லையாட்ட இருக்குது" என்று அக்கா திருப்பிக் கொடுப்பார். அவர்கள் அப்படி இருந்ததைப் பார்க்கவே நான் ஞாயிற்றுக்கிழமையானால் வண்டியை எடுத்துவிடுவேன்.

சென்ற தை மாதம் ஒரு காலை, வாய்க்கால் தண்ணீரைத் திருப்பப் போன அக்கா வரப்பில் உட்கார்ந்தார். எழவில்லை. இருதயம் என்றார்கள். வலிக்கிறது என்று ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் நெஞ்சைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, நாங்கள் எல்லோரும் மாமாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாமாவால் சுடுகாடுவரை வர முடியாது. களத்தோரம் வரைதான் ட்யூப் எட்டும். பாடையை அங்கே இறக்கி வைத்தோம். மாமா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவராக நகர்ந்த பிறகுதான் தூக்கினோம்.

கருமாதி முடிந்த அன்று பந்தலில் ஒரு பேச்சு ஓடியது. தெற்கே திருப்பி வைத்ததால்தான் வீட்டு மகராசி போய்விட்டாள் என்று. இந்த மலரைக் கையில் வைத்திருக்கிற சிலர் அதைச் சொன்னவர்கள்தான். யாரென்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். மாமாவின் சித்தப்பா எழுந்து, இரண்டு ஆளைவிட்டு அதைக் கிழக்கே திருப்பிவிடலாம் என்றே சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு நான் வாயைத் திறந்திருந்தால் சொந்தமே அறுந்திருக்கும். அதற்குள் மாமா கையைத் தூக்கினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்றுதான் பேசினார்.

"சித்தப்பா... அதைக் கெழக்க திருப்போணுமுன்னா... தாராளமாத் திருப்புங்க. அதுக்கு முன்னால... என்னையத் தெக்க தலை வெச்சு... படுக்க வெச்சிருங்க."

சித்தப்பா உட்கார்ந்துவிட்டார். அத்தை ஒரு மூலையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் யார் பக்கம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி, போல்ட்டுகளை இறுக்கிவிட்டு வருகிறேன். கம்பெனிச் செக்கிங்கில் பழுதான இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம் அல்லவா, அக்கா அதைத்தான் இறுக்க வேண்டிய போல்ட்டுக்கெல்லாம் ஒட்டி, இறுக்கியதும் உரித்துவிடுவார். பின்பக்கக் காலில் ஒன்று மட்டும் உரிக்காமல் இருக்கிறது. போல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருக்கிறது. மறந்திருப்பார். எனக்கு அதை உரிக்க மனம் வரவில்லை. அக்கா வந்து, "இதை உரிக்கறதுக்கும் நாந்தான் வரோணுமாடா?" என்று ஒரு தடவை திட்டமாட்டாரா என்று இருக்கிறது. அக்காவின் திட்டைக் கேட்க அவ்வளவு ஆசையாக இருக்கிறது.

அக்காவின் காரியங்களுக்குத் தோள் கொடுத்த தோட்டத்து அக்கம்பக்கத்தாருக்கும், கூப்பிட்ட குரலுக்கு வந்த லேத்துப் பட்டறைக்காரருக்கும், செய்தி கேட்டு ரயில் ஏறி வந்த ஒடிசாப் பெண்ணுக்கும், அப்பாவைத் தன்னோடு கோவைக்கு வரச் சொல்லிப் பார்த்து, அவர் மறுத்ததும் மாதம் இருமுறை வந்து பார்த்துக்கொள்கிற அக்காவின் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவருக்குச் சொல்ல வேண்டும். அக்கா தினமும் மூன்று மணி வாக்கில் எனக்குப் போன் செய்வார். "தம்பி, ரொம்பிருச்சு" என்பார். பேட்டரி நிரம்பிவிட்டதைச் சொல்கிறார். நான் கட்டிங் மெஷின் சத்தத்தில் "சரிக்கா" என்பேன். அவ்வளவுதான், வைத்துவிடுவார். அக்கா போன பிறகு மூன்று மணியைக் கடப்பது எனக்குப் பெரும்பாடாக இருந்தது. போன வாரம் அதே நேரத்துக்குப் போன் அடித்தது. திரையில் அக்கா என்று இருந்தது. கட்டிங் மெஷினை நிறுத்திவிட்டு எடுத்தேன்.

"கண்ணு, நாந்தான், உங்கத்தை. அவ போனுலதான் பேசறன். இந்தப் பொட்டியில பச்சை வெளக்கு எரியுது. ரொம்பிருச்சுன்னு அர்த்தமாங்கண்ணு?"

"ஆமாங்க அத்தை."

"காத்தால நாந்தான் பேனலத் தொடைச்சு உட்டேன். அவ இந்நேரத்துக்கு உனக்குச் சொல்லுவாளே, இப்ப ஆரு சொல்றாங்கன்னு நெனச்சேன். அதுக்குத்தான் போட்டேன்."

மறுநாளும் போன் வந்தது. இன்றும் வந்தது. அத்தைக்கு என் நன்றி.