மூன்றாம் படிக்குக் கீழே

நீச்சல் தெரியாத ஒருவன், பிறவியிலேயே நீச்சல் தெரிந்த ஒரு ஜீவனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கக் கிளம்பினான். அந்த அறிவாளி நான்தான். இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னைத் திட்டினால் கோபப்பட மாட்டேன். என் மனைவி திட்டி முடித்துவிட்டாள், நானும் திட்டி முடித்துவிட்டேன், மூன்றாவது ஆளுக்கு இடம் இருக்கிறது.

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதத்தில், நாமக்கல்லிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் நடந்தது இது. கோழிப் பண்ணையும் கொஞ்சம் தென்னையும்தான் எங்கள் பிழைப்பு. போர்வெல் தண்ணீரைத் தேக்கி வைத்துத் தென்னைக்குப் பாய்ச்ச ஒரு பெரிய தொட்டி தேவைப்பட்டது. கட்டுவதுதான் கட்டுகிறோம், பிள்ளைகள் குளிக்கிற மாதிரி தரையோடு தரையாகத் தோண்டி, நீல டைல்ஸ் ஒட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. ஒட்டினேன். விருந்தாளிகளிடம் அதற்குப் பெயர் ஸ்விம்மிங் பூல். தென்னைக்கு மட்டும் அது தொட்டி என்று தெரியும்.

எட்டடி ஆழம். ஒரு மூலையில், மேலிருந்து மூன்று படிகள் மட்டும் கட்டச் சொன்னேன். அதற்குக் கீழே சுவரில் பதித்த இரும்பு ஏணி. கொத்தனார் தலையைச் சொறிந்தார்.

“ஏனுங்க, படியைத் தரை வரைக்கும் எறக்கிப்போடலாமுங்க. தண்ணி எப்பவும் நெறைஞ்சேவா நிக்கும்?”

“இதென்னங்க கோயில் தெப்பக்குளமா? கீழ வரைக்கும் யாரு எறங்கி சாமி கும்புடப் போறாங்க?” என்றேன். அவர் சிரித்துவிட்டார். நான் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அதுதான் எனக்குப் பிடித்த வியாதி.

இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன். தண்ணீர் வெளியேறும் குழாயை அடியில் வைக்காமல் நான்கடி உயரத்தில் வைக்கச் சொன்னேன். தென்னைக்கு எவ்வளவு பாய்ச்சினாலும் நான்கடித் தண்ணீர் மிச்சம் நிற்கும். எனக்கு நெஞ்சளவு. நீச்சல் தெரியாதவன் பயமில்லாமல் நின்று குளிக்க அதைவிட நல்ல அளவு கிடையாது. தொட்டி நிறைந்திருக்கும் நாட்களில் நான் இடுப்பில் லாரி டியூபை மாட்டிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருப்பேன்.

பக்கத்துத் தோட்டத்து அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொந்தமில்லை, ஆனால் சொந்தத்தைவிட அதிகம். கணவர் இல்லை. ஒரே மகன் வடநாட்டுக்கு லாரி ஓட்டுகிறான். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வீடு வருவான். அக்காவுக்குக் காது கேட்பது மிகவும் குறைவு. முகத்துக்கு நேராக நின்று சத்தமாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில், ஒரு வண்டிக்கு அடியில் பிறந்து கிடந்த கறுப்பு நாய்க்குட்டியை மகன் தூக்கிவந்து அம்மாவிடம் கொடுத்திருந்தான். பெயர் டீசல்.

டீசல்தான் அக்காவின் காது. கேட்டில் யாராவது கூப்பிட்டால் ஓடிப்போய் அக்காவின் முந்தானையைப் பல்லால் பிடித்து இழுப்பான். குக்கர் விசிலடித்தாலும் இழுப்பான். ‘மூணாவது விசிலுக்குத்தான் இழுப்பான், ரெண்டாவது விசிலுக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டான், பருப்பு வேகணும்ல’ என்று நான் ஊரெல்லாம் கதை கட்டிவிட்டேன். பாதிப்பேர் நம்பினார்கள்.

அந்த டீசலுக்குத் தண்ணீர் என்றால் பயம். வாய்க்காலைக்கூடச் சுற்றிக்கொண்டு போவான். தொட்டிப் பக்கம் வந்தால் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளியே படுப்பான். எனக்கு அது போதாதா? ‘எங்க ஊர் நாய்க்கு நீச்சல் கோச்’ என்று வீடியோ எடுத்து சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டால் எப்படியிருக்கும் என்று யோசித்தேன். தூக்கித் தண்ணீரில் விட்டேன்.

நாய் நீந்தியது. அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வெளியே வரத் தெரியவில்லை. நான் எந்தப் பக்கம் நிற்கிறேனோ அந்தச் சுவருக்கு வந்து முன்னங்கால்களால் டைல்ஸைப் பிராண்டியது. டைல்ஸில் நகம் எங்கே நிற்கும்? நான் போனைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. நாயின் மூச்சைவிட என் சிரிப்புதான் அதில் பெரிதாகக் கேட்கிறது.

“ஏனுங்க, பாவமுங்க. படி எங்க இருக்குதுன்னு காட்டிக் குடுங்க” என்று மனைவி சத்தம் போட்டாள்.

காட்டிக் கொடுத்தேன். நிறைந்த தொட்டியில் இடுப்பு டியூபோடு இறங்கி, ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையை வயிற்றுக்குக் கீழே கொடுத்து, படி இருக்கும் மூலைக்குத் தள்ளிப்போய், கால்களைப் படியில் வைத்து ஏறச் செய்தேன். பத்து நாள் இதே வேலை. பிறகு ஒரு மஞ்சள் பந்தைத் தூக்கிப் போட்டால், தானே குதித்து, கவ்வி, நேராக அந்த மூலைக்கு நீந்தி, மூன்று படி ஏறி வந்து என்மேல் உதறுவான். எல்லோரும் கைதட்டினார்கள். நான்தான் தலைகுனிந்து வணங்கினேன்.

அக்கா மட்டும் ஒருநாள் வேலியோரம் நின்று சொன்னார். “அவனுக்குத் தண்ணி ஆகாது சாமி. பயந்துக்கிட்டே கெடக்கட்டும், உட்டுரு.”

“பயமெல்லாம் போயிருச்சுங்கக்கா. இப்பப் பாருங்க, மீனாட்டம் போறான்” என்று முகத்துக்கு நேராக நின்று கத்தினேன்.

சில நாள் கழித்து, நாமக்கல்லில் தீவனக் கடையில் ஒரு வேலை இருந்தது. காலையில் தென்னைக்கு வால்வைத் திறந்துவிட்டுக் கிளம்பினேன். தொட்டியில் தண்ணீர் நான்கடிக்கு வந்ததும் தானே நின்றுவிடும். அவ்வளவு வசதி. மனைவி பிள்ளைகளோடு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மஞ்சள் பந்து எங்கே கிடக்கிறது என்று நான் பார்க்கவில்லை. முந்தின நாள் விளையாடியது தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்று மணிக்கு மேல் திரும்பினேன். அக்கா கையில் அரிவாளோடு வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து அங்கேதான் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தாராம். தொட்டியிலிருந்து முப்பது நாற்பது அடி இருக்கும்.

“டீசலைப் பாத்தியா சாமி? சோத்துக்கும் வரலே.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “மாப்பிள்ள பொண்ணு பாக்கப் போயிருப்பானுங்கக்கா. சாயங்காலம் பொண்ணோட வருவான்.”

அக்கா சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நெஞ்சளவுத் தண்ணீரில் குளிக்கப் போனேன்.

பந்து ஒரு பக்கம் மிதந்தது. டீசல் இன்னொரு பக்கம்.

ஏணியில் இறங்கினேன். அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். தண்ணீர் இறங்கிய இடமெல்லாம் டைல்ஸில் மெல்லிய பாசி படிந்திருக்கும். அந்தப் பாசியில் நகக் கோடுகள். நான்கு சுவரிலும் இருந்தன. மேலே சில, அதற்குக் கீழே சில, இன்னும் கீழே இன்னும் சில. தண்ணீர் இறங்க இறங்க அவனும் இறங்கியபடியே பிராண்டியிருக்கிறான். ஆனால் எல்லாக் கோடுகளையும்விட நெருக்கமாக, பச்சையே தெரியாமல் வழித்தெடுத்த மாதிரி ஓர் இடம் இருந்தது. மூலையில், மூன்றாம் படிக்குக் கீழே. கடைசிப் படி தண்ணீருக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

நான் சொல்லிக்கொடுத்த இடத்துக்குத்தான் அவன் போயிருக்கிறான். திரும்பத் திரும்ப அங்கேயேதான் போயிருக்கிறான்.

எனக்கு நெஞ்சளவுத் தண்ணீர் அது. நான் நின்றுகொண்டேதான் அவனைத் தூக்கினேன்.

தூக்கிக்கொண்டு போய் வேலியோரம் நின்றேன், அவ்வளவுதான். அக்கா அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அவனை வாங்கிக்கொண்டார். மண்ணில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு முன்னங்கால்களைக் கையில் எடுத்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். நகங்கள் தேய்ந்து சதையோடு இருந்தன. இரண்டு நகங்கள் இல்லவே இல்லை.

“ரொம்ப நேரம் நீஞ்சியிருக்கான்” என்றார்.

பிறகு என் முகத்தைப் பார்த்தார். பதிலை உதட்டிலிருந்து படிப்பவர் அல்லவா, அப்படித்தான் பார்ப்பார்.

“கத்தியிருப்பானில்ல?”

இழவு வீட்டிலேயே இரண்டு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு வருகிற ஆள் நான். அன்றைக்கு, அவர் படிக்க முடியாதபடி முகத்தைத் திருப்பி, அவர் அறுத்துப் போட்டிருந்த தட்டைப் பார்த்தேன். நாற்பதடி தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலை முழுவதும் தட்டு அறுத்திருக்கிறார். கேட்கிற காது எதுவோ அது தண்ணீருக்குள் இருந்தது.

குழி தோண்ட மட்டும் என்னை விட்டார். மண் தள்ள விடவில்லை.

அந்த மாதமே கொத்தனாரைக் கூப்பிட்டேன். வந்தவர் எதையும் நினைவுபடுத்தவில்லை. படியைத் தரை வரைக்கும் இறக்கினார். எதிர் மூலையில், சொரசொரப்பாகச் சிமென்ட் பூசி, குட்டிகூட ஏறக்கூடிய ஒரு சரிவும் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு தொட்டி வைத்திருக்கிற தோட்டக்காரர் யாரைப் பார்த்தாலும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். நாய்க்கு நீந்தத் தெரியும், ஏறத்தான் தெரியாது. படி எங்கே இருக்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, தண்ணீர் குறையும்போதும் கால் எட்டுகிற மாதிரி படி இருக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் ஒரு பலகையில் சாக்கைச் சுற்றி, சாய்த்துக் கயிற்றில் கட்டியாவது போடுங்கள். ‘இன்னிக்கு என்ன தமாசு?’ என்று கேட்டுக்கொண்டே எல்லோரும் சிரிக்கிறார்கள். இத்தனை வருடம் சிரிக்க வைத்தே பழக்கிவிட்டேன். நிஜமாகச் சொல்வதற்கு என்னிடம் வேறு முகம் இல்லை.

அக்கா குக்கரைப் பரணில் போட்டுவிட்டார். இப்போது பானைச் சோறுதான். மகன் வந்து, அழைப்பு மணியை அழுத்தினால் பல்பு எரிகிற மாதிரி செய்துவிட்டுப் போனான். பகல் வெளிச்சத்தில் அது எரிவதே தெரிவதில்லை. கேட்டில் நின்று சில நாள் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். அக்கா முற்றத்தில்தான் இருப்பார், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

பேச்சு நின்றுபோய்விடவில்லை. மோர் கொடுத்தனுப்புவார், முட்டை வாங்கிக்கொள்வார். ‘சாமி’ என்று மட்டும் கூப்பிடுவதில்லை. திட்டியிருந்தால் எப்போதோ ஆறியிருக்கும் என்று தோன்றுகிறது. திட்டவே இல்லை.

போன மாதம் தீவன வண்டியின் பின்னாலேயே ஒரு செவலை நாய்க்குட்டி வந்து எங்கள் தோட்டத்தில் ஒட்டிக்கொண்டது. தொட்டியைக் கண்டாலே வாலைக் காலுக்குள் விட்டுக்கொண்டு பின்னால் நகர்கிறது. ஓர் உயிருக்கு ஆண்டவன் கொடுத்த பயத்தைப் பிடுங்குவதற்கு முன்னால், அதன் இடத்தில் வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். என்னிடம் மூன்று படிகள்தான் இருந்தன. அந்தக் கணக்கு எனக்கு இப்போது தெரியும். தெரிந்து என்ன, அக்காவிடம் கேட்டுவிட்டேன்.

முட்டை வாங்க வந்த அக்காவை நிறுத்தி, குட்டியைக் காட்டி, முகத்துக்கு நேராக நின்று சொன்னேன். “இப்பத் தரை வரைக்கும் படி இருக்குதுங்கக்கா. தவறி உழுந்தாலும் ஏறிக்கிற மாதிரி, படி எங்கேன்னு மட்டும் இதுக்குக் காட்டிப் பழக்கிடட்டுங்களா?”

அக்கா குட்டியைப் பார்த்தார். தொட்டியின் மூலையைப் பார்த்தார். முட்டை அட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

“பழக்காத.”