இரும்புக் கவசத்தில் என் அக்கா

என் அக்கா பாலத்துக் காவலனை வீழ்த்திய கதையை எங்கள் உறவினர்கள் பல விதமாகச் சொல்கிறார்கள். யாரோ ஒரு விமானப் பயணி வழிகாட்டினார் என்பது அவற்றுள் பரவலான பதிப்பு. குருட்டு அதிர்ஷ்டம் என்பது அத்தானின் பதிப்பு. எந்தப் பதிப்பிலும் நான் இல்லை. அக்கா எனக்கு அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகள், நான் அவளுக்கு எழுதிய குறிப்புகள், இருவரும் போட்டுக்கொண்ட சண்டைகளின் குரல் பதிவுகள் என அனைத்தும் தேதிவாரியாக என்னிடம் இருக்கின்றன. அவற்றை முன்னால் வைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா விமான நிலையத்தில், பயணிகளின் பெட்டிகளை எடைபோட்டு அனுப்பும் கவுன்ட்டரில் வேலை பார்க்கிறாள். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்த வேலை. பெட்டியை வைத்ததும் எண் ஒளிரும். அக்கா சிரித்த முகம் மாறாமல், "ரெண்டு கிலோ கூட இருக்குங்க. ஓரமா வச்சு, எதையாவது எடுத்துட்டு வாங்க" என்பாள். கெஞ்சினாலும் அந்தச் சிரிப்பு மாறாது, கத்தினாலும் மாறாது. கத்துபவர் மூச்சு வாங்கும் வரை காத்திருந்து, அதே வாக்கியத்தை அதே தொனியில் மறுபடி சொல்வாள். பயணிகள் தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிளந்து, காலணி, தடித்த புத்தகம், பாதி தீர்ந்த ஷாம்பு, யாருக்கோ ஆசையாக வாங்கிய மரக்குதிரை என்று ஒவ்வொன்றாக வெளியே வைப்பார்கள். அப்படி விட்டுச் செல்பவை கவுன்ட்டருக்கு அடியிலுள்ள பெரிய கூடைக்குப் போகும். ஊழியர்கள் அதிலிருந்து ஒரு சீப்பைக்கூட எடுக்கக் கூடாது என்பது விதி. அக்கா எடுத்ததில்லை. ஆனால் அந்தக் கூடையில் கால் இடிக்க உட்கார்ந்துதான் அவளுடைய பாதி ஆயுள் கழிந்திருக்கிறது.

அக்காவுக்கு ஒரே மகள். வேறு ஊரில் கல்லூரியில் சேர்ந்து விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போன புதிதில் பொழுதுக்கும் பேசிய என் மருமகளின் தொலைபேசி அழைப்புகள் நாளாக ஆகச் சுருங்கின. "சாப்பிட்டேன். நல்லா இருக்கேன். வைக்கட்டா?" என்பதோடு முடிந்துவிடும்.

"கவுன்ட்டர்ல வந்து சண்டை போடறவங்ககூட என்கிட்ட இதவிட அதிகமா பேசறாங்கடா" என்றாள் அக்கா என்னிடம்.

ஒரு மாலை அந்த அழைப்பும் வழக்கத்துக்கு முன்பே அறுந்தது.

"அம்மா, அப்புறம் பேசவா? பாலத்துல நிக்கிறோம். ஒருத்தன் கோடரியோட வர்றான்."

அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. அத்தான் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார், பேருந்தில் ஏறினாலும் எட்டு மணி நேரமாகும் ஊருக்கு. அதற்குள் மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகுதான் விஷயம் தெளிந்தது. அது ஒரு வீடியோ கேம். மூவர் அணியாகச் சேர்ந்து, வாளும் மந்திரமுமாக ஓர் அசுர நாட்டைக் கடக்க வேண்டும். நாட்டின் வாசலில் ஒரு பாலம். பாலத்தில் இரட்டைக் கோடரியோடு ஒரு காவலன். மருமகளின் அணியில் இப்போது இருவர்தான். மூன்றாமவள் படிப்பைக் காரணம் காட்டி விலகிவிட்டாளாம்.

"அந்த எடத்துக்கு நான் வரட்டா?" என்று கேட்டாள் அக்கா.

"அம்மா, இது சீட்டாட்டம் இல்ல."

"தெரியுது. சீட்டாட்டத்துல கோடரி கெடையாது."

மருமகள் தன் தாயின் மகள். நிபந்தனை விதித்தாள். "காவலனைத் தனியா அடிச்சுக் காட்டு. வீடியோ கால்ல நான் பாக்கணும். மாசம் முடியறதுக்குள்ள. இல்லன்னா பக்கத்து ரூம் பொண்ணச் சேத்துக்குவோம். அவ நல்லா ஆடுவா."

இந்தக் கட்டத்தில்தான் அக்கா என்னை அழைத்தாள். அந்த ஆட்டத்தை யாரும் சொல்லித்தராமல் நானே ஆடிக் கற்றவன் நான். ஒவ்வோர் ஆயுதத்தின் எடை, வீச்சு, வேகம் ஆகியவற்றை அட்டவணையாக்கி வைத்திருந்தேன். மருமகள் வீட்டிலேயே விட்டுச் சென்ற பழைய கேம் பெட்டியைத் தொலைக்காட்சியில் இணைத்து, அக்காவிடம் மூன்று பாதைகளை விளக்கினேன். முதலாவது, தோல் உடுப்பும் குறுவாளும். ஆட்டத்தில் சேரும் திறன் புள்ளிகளையெல்லாம் லாகவத்தில் போட்டு, கோடரி வரும்போது உருண்டு தப்ப வேண்டும். இரண்டாவது மந்திரவாதியின் பாதை. புள்ளிகள் அறிவுக்கு, தூர நின்று தீயை எறியலாம். மூன்றாவது, இரும்புக் கவசமும் கதாயுதமும். இதைச் சிவப்பு மையால் அடித்திருந்தேன். அந்த ஆட்டத்தில் உடம்பில் அணிந்தது, பையில் கிடப்பது எல்லாவற்றுக்கும் எடை உண்டு. வரம்பைத் தாண்டினால் உருள முடியாது. அடியைத் தாங்கி நிற்கவும் முடியாது, தொப்பென்று விழத்தான் முடியும்.

"உருளறதெல்லாம் என்னால ஆகாதுடா."

"உருளப்போறது நீ இல்லக்கா, அவ."

"அவளுக்கும் என் வயசுதான். மூஞ்சியப் பாரு."

பார்த்தேன். வீராங்கனையை உருவாக்கும் திரையில், நரைத்த முன்முடி, சற்றே தொங்கிய கன்னம் உட்பட அக்கா தன்னையே செதுக்கி வைத்திருந்தாள்.

"அப்ப மந்திரவாதி ஆகிடு. தூரத்துல நின்னு எறியலாம்."

"தூரத்துல நிக்கிறதத்தான் இப்ப போன்ல பண்ணிட்டிருக்கேன். அது வேண்டாம்."

ஆக, மனமில்லாமல் குறுவாளை ஏற்றாள். உருளவும் பழகினாள். மாலை வேலை முடிந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து உருளுவாள். அவள் உருளும்போது அவள் தோளும் சேர்ந்து சாயும். அத்தான் சோபாவின் மறுமுனைக்கு நகர்ந்துகொண்டார்.

காவலனிடம் அவள் தோற்றதற்குக் குறுவாள் காரணமில்லை. என் அட்டவணையும் காரணமில்லை. இதற்கு ஆதாரம் உண்டு. காவலனுக்கு உயிர் நூலளவே மிஞ்சியிருந்தது. அடிபட்ட வேகத்தில் அவன் காலிலிருந்து ஓர் இரும்புக் காப்பு கழன்று உருண்டது; பளபளத்தது. சண்டையின் நட்ட நடுவில், தலைக்கு மேல் கோடரி ஓங்கியிருக்க, அக்கா குனிந்து அதை எடுத்துப் பையில் போட்டாள். எடைக்குறி சிவந்தது. அடுத்த உருளல் நெல்மூட்டை சரிந்ததுபோல முடிந்தது. கோடரி இறங்கியது.

அத்தான் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "என்ன, எடை கூடிருச்சா?" என்றார்.

"பேசாம படிங்க."

"ரெண்டு கிலோ இருக்குமா?"

நான் அவள் பையைத் திறக்கச் சொன்னேன். திறந்தாள். உடைந்த கேடயங்கள், துருப்பிடித்த தலைக்கவசங்கள், மெழுகுவர்த்தித் துண்டுகள், ஒற்றைக் காலணி, ஒரு மணிக்கூண்டின் மணி. வழியில் கண்ட எதையும் அவள் விட்டுவைக்கவில்லை.

"இந்த மூணு தலைக்கவசம் எதுக்குக்கா? உனக்கு ஒரு தலைதான."

"ஒண்ணு போட்டுக்க. மத்தது இருக்கட்டும்."

"மணி?"

"அது பாக்க நல்லா இருக்கு."

"ஒற்றைக் காலணி?"

"இன்னொண்ணு எங்கயாவது கெடைக்கும்டா."

"எதையாவது எடுத்து வெளிய வை. இல்லன்னா பாலத்தத் தாண்ட முடியாது."

"ரொம்ப தூரத்துலருந்து கொண்டு வந்தது. இந்த ஒரு தடவ மட்டும் பாத்து விடேன்."

அத்தான் செய்தித்தாளை மடித்துவிட்டு அவளையே பார்த்தார். அவர் கண்ணில் நீர் நிறைந்திருந்தது; சிரிப்பை அடக்கியதால். அக்கா அப்போதுதான் தான் சொன்னதைத் தானே கேட்டாள்.

"சரி, சரி" என்றாள். "அங்க என்னால ஒண்ணையும் தொட முடியாது. இங்க யாரு கேக்கப் போறா? இருந்துட்டுப் போகட்டும்."

இன்னொன்றையும் அன்று கண்டேன். பலநாள் வென்று சேர்த்த திறன் புள்ளிகளில் பெரும்பகுதியை அவள் செலவழிக்கவே இல்லை. கேட்டதற்கு, "எதுக்காவது ஆகும்னு வச்சிருக்கேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து அட்டவணையை முதலிலிருந்து சோதித்தேன். அக்கா மாறமாட்டாள், ஆகவே பாதையை மாற்ற வேண்டும். திறன்களின் கடைசி வரிசையில், யாரும் தொடாத 'பழகிய தோள்' என்றொரு திறன் உண்டு. அதைப் பெற்றவருக்கு, அணிந்திருக்கும் கவசத்தின் எடை கணக்கிலேயே வராது. விலை அதிகம், அதனால்தான் அது சீந்துவாரின்றிக் கிடந்தது. அக்காவின் சேமிப்புக்கோ அது கட்டுப்படியாகும். இதை ஏழு பத்திகளில் விளக்கி அவளுக்குச் செய்தி அனுப்பினேன்.

மறுநாள் மாலை அவள் வேலையிலிருந்து கண்கள் மின்ன வந்தாள். நானும் பதிலை எதிர்பார்த்து அங்கேதான் இருந்தேன்.

"இன்னைக்கு ஒருத்தரு வந்தாருடா. பெட்டி எடை கூட. ஓரமாப் போயி பெட்டியிலருந்து மூணு கோட்டு எடுத்து ஒண்ணு மேல ஒண்ணாப் போட்டுட்டு, கைய மடக்க முடியாம வந்து நின்னாரு. பெட்டி இப்ப சரியா இருக்கு. போட்டிருக்கறத எடைபோட எனக்கு அதிகாரம் இல்ல. அனுப்பிட்டேன். இந்த கேம்ல அப்படி ஏதும் இருக்கா, பாரேன்."

"நேத்தே எழுதினேனே, அக்கா."

"எங்க?"

"செய்தியில. ஏழு பத்தி."

"நீ எழுதறதெல்லாம் நீளமா இருக்கும்டா. ஞாயித்துக்கிழம படிக்கலாம்னு வச்சிருக்கேன்."

செய்திக்குப் பக்கத்தில், படித்ததைக் காட்டும் நீலக் குறி விழுந்திருக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஆகவே அவள் அந்த யோசனையைப் பயணியிடமிருந்துதான் பெற்றாள் என்பதை மறுக்க எனக்கு வழியில்லை. ஆனால் எது முந்தியது என்பதற்குத் தேதி இருக்கிறது.

சேர்த்து வைத்த புள்ளிகளெல்லாம் அன்றே கரைந்தன. அக்கா மார்க்கவசத்தின் மேல் தோள்கவசம், அதன் மேல் கம்பளிப் போர்வை, கையில் கதவளவு கேடயம், மறுகையில் கதாயுதம் என்று தன் வீராங்கனைக்கு உடுத்தினாள். அவள் நடந்தால் மாடிப்படியில் பீரோவை இறக்குவது போலிருந்தது. பையில் மணி பத்திரமாக இருந்தது.

மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாளே இருந்தது. அத்தான் கைப்பேசியைத் தொலைக்காட்சிக்கு எதிரே பிடித்துக்கொண்டார். அதில் மருமகளின் முகம் தெரிந்தது.

"அம்மா, என்ன இது? உனக்கு வாசல்ல நுழைய முடியுமா?"

"நீ பாரு."

"இதுல உருள முடியாதும்மா. செத்துப்போயிடுவ."

"உருளப்போறதில்ல."

காவலன் உறுமிக்கொண்டு வந்தான். அக்கா கேடயத்தை ஊன்றி நின்றாள். கோடரிகள் மாறி மாறி இறங்கின. அவள் அசையவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். கவுன்ட்டரில் இருக்கும் அதே முகம். அவன் கத்தி முடித்து மூச்சு வாங்கிய கணத்தில், மெல்லக் கதாயுதத்தைத் தூக்கி ஓர் அடி. மறுபடி கேடயம். அவன் மறுபடி ஆடித் தீர்த்தான். இவள் மறுபடி ஓர் அடி. அவசரமே இல்லை. அவன் காலிலிருந்து காப்பு கழன்று உருண்டபோது அறையில் நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்தோம்.

"அம்மா, எடுக்காத."

"எடுக்கல."

"கண்ணு அங்கதான் இருக்கு."

"கண்ணு இருந்தா என்ன, கை இங்க இருக்கு."

காவலன் முழந்தாளிட்டுச் சரிந்தான்.

"இப்படி யாருமே ஆடமாட்டாங்கம்மா" என்றாள் மருமகள். "சரி, ஞாயித்துக்கிழம சாயங்காலம் வா. ஆனா ஃப்ரெண்டு முன்னாடி என்னைக் குட்டிம்மான்னு கூப்பிடக் கூடாது. சாப்டியான்னு கேக்கக் கூடாது."

"கேக்கமாட்டேன்" என்று வாக்களித்துவிட்டு, அக்கா திரும்பி நடந்து காப்பை எடுத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறு மாலை நானும் அத்தானும் சோபாவில் இருந்தோம். அணியில் இன்னொருத்தி ஈட்டிக்காரி, கலகலப்பான குரல். மூவரும் பாலத்தைக் கடந்து ஒரு காட்டுக்குள் நடந்தார்கள். நடக்கும் வழியில் பெண்கள் இருவரும் அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டு வந்தார்கள். விடுதிக் குளியலறையில் வெந்நீர் வராதது, யாரோ யாரிடமோ பேசாமலிருப்பது என்று எத்தனையோ. எதையும் அக்கா வீட்டுத் தொலைபேசி அதுவரை கேட்டதில்லை. அக்கா மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காமல் பின்னால் நடந்தாள்.

"ஏய், வியாழக்கிழம லேப்லருந்து சார் உன்ன வெளிய அனுப்பினாரே, அப்புறம் என்ன ஆச்சு?" என்றாள் ஈட்டிக்காரி.

மருமகளுடைய குறுவாள்காரி பாதையில் அப்படியே நின்றாள். அத்தான் வாயைத் திறந்தார். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் முழங்காலை ஓர் அழுத்து அழுத்தினாள். அவர் வாயை மூடிக்கொண்டார். அதற்குள் புதரிலிருந்து ஓநாய்கள் பாய, அக்கா தன் இரும்பு முழுவதையும் இழுத்துக்கொண்டு போய் மகளுக்கு முன்னால் நின்று கேடயத்தை ஊன்றினாள்.

"அம்மா, ஒண்ணும் தெரியல. கொஞ்சம் தள்ளு."

அக்கா ஓர் அடி தள்ளி நின்றாள். அதற்கு மேல் தள்ளவில்லை. குறுவாள் பக்கவாட்டில் வந்து வேலையை முடித்தது. காடு அடங்கியது. யாரும் எதுவும் கேட்காமலே மருமகளின் குரல் வந்தது.

"ரெக்கார்டு நோட்டு முடிக்கலம்மா. அதான் அனுப்பிட்டாரு. திரும்ப எழுதிட்டு வரச் சொல்லியிருக்காரு. பாதி எழுதிட்டேன்."

"சரி" என்றாள் அக்கா. "எடப்பக்கம் ஒருத்தன் வர்றான், பாரு."