அத்தை ஒடித்த வெண்டைக்காய்

ஓண வாரத்தில் சூப்பர் மார்க்கெட் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று வருடா வருடம் எனக்கு நானே சத்தியம் செய்துகொள்கிறேன். வருடா வருடம் பாயசத்தில் போடும் அரிசி அடை வாங்க மறந்துபோய், உத்திராடத்துக்கு முதல் நாள் சாயங்காலம் எங்கள் மலையாள எல்லைச் சித்தூரில் அதே கடையில் அதே வரிசையில் போய் நிற்கிறேன். இந்த வருடம் எனக்கு முன்னால் நின்றது ஒரு கூடை. ஆள் இல்லை, கூடை மட்டும்தான். அதற்குள் ஒரே ஒரு அப்பளக் கட்டு. கூடைக்குச் சொந்தக்காரர் உள்ளே எங்கேயோ சாவகாசமாக வாங்கிக்கொண்டிருக்கிறார், அவருக்குப் பதிலாகக் கூடை வரிசையில் நிற்கிறது. அதைக் காலால் தள்ளினால் நான் கெட்டவள், தள்ளாமல் நின்றால் நான் மடச்சி. பக்கத்தில் சோப்பு அலமாரியில் ஒரு வெண்ணெய்ப் பொட்டலம் உருகிக்கொண்டிருந்தது. எடுத்தவருக்கு வேண்டாமென்று தோன்றியிருக்கிறது, எடுத்த இடத்தில் கொண்டுபோய் வைக்கப் பத்தடி நடக்க மனசு வரவில்லை. என்ன ஜனங்களோ!

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். காய்கறிப் பக்கம் ஒரு அம்மாள் வெண்டைக்காய் நுனியை டப், டப்பென்று ஒடித்துக்கொண்டிருந்தார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நுனி ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். நம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த பரீட்சைதான். ஆனால் அவர் வாங்கப்போவது கால் கிலோ, பரீட்சை வைப்பது மூன்று கிலோவுக்கு. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாமென்று வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். கேட்க எனக்கு யோக்கியதை கிடையாது. நாலாம் வகுப்பு ஓண லீவில், இதே கடையில், இதே இடத்தில் நின்று நானும் ஒடித்திருக்கிறேன். அதுவும் எங்கள் அப்பா விளைவித்த காயை.

எங்கள் ஊர் மீனாட்சிபுரத்துக்குப் பக்கம். காய்ந்துபோன தென்னை மரங்களை வெட்டிவிட்டு அப்பா அந்த இடத்தில் காய்கறி போட ஆரம்பித்திருந்தார். அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, அது பிடிக்கவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண், பிறந்த வீட்டுத் தோட்டத்தில் தன் அப்பன் வைத்த மரத்தை வெட்டியதைத் தாங்க முடியாமல் வந்து சண்டை பிடித்தாள். அந்த மண்ணில் நீ ஒரு காய்கூட எடுக்க மாட்டாய் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனவள், மூன்று வருடம் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. அப்பாவும் கூப்பிடவில்லை. இரண்டு பேருக்கும் வீம்பு ஒரே அளவு.

நாலாவது வருடம் இரண்டு நல்ல காரியங்கள் சேர்ந்து நடந்தன. சித்தூரில் புதிதாகத் திறந்திருந்த அந்தக் கடைக்காரர்கள், ஓண வாரம் முழுக்க தினமும் இரண்டு பெட்டி வெண்டைக்காய் கொண்டுவரச் சொல்லி அப்பாவிடம் ஏற்பாடு செய்தார்கள். ஒரு குறையும் இல்லாமல் அந்த வாரம் போய்விட்டால் வருடம் முழுக்க எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. மண்டியில் போய் யாருடைய முகத்தையோ பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்று அப்பா அம்மாவிடம் சொன்னதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டேன். விடியும் முன்னே அம்மா காயின் சுணை அரிக்காமலிருக்கப் பழைய சாக்ஸைக் கைகளில் மாட்டிக்கொண்டு காய் பறிக்கப் போவாள். அப்பா ஒவ்வொரு காயாகப் பார்த்துப் பெட்டியில் அடுக்குவார். எனக்கு மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடும்போதுகூட அவர் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

இரண்டாவது காரியம், அத்தை ஓணத்துக்கு வந்து இறங்கியது. யார் முதலில் போன் செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வந்தவள் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டுமே! மாட்டுக்கொட்டாயில் வெளிச்சம் போதாது, சாம்பாரில் புளி ஜாஸ்தி, நான் மெலிந்துபோய்விட்டேன். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தும் ஒன்றும் சொல்லவில்லை, அங்கங்கே களை கிடக்கிறது என்பதைத் தவிர. அப்பா தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். அம்மா சமையல்கட்டில் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள்.

திருவோணத்துக்கு மூன்று நாள் முன்பு அத்தை கடையைப் பார்க்க வேண்டும் என்றாள். துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். அந்தக் கடையில் அத்தையோடு இருந்த ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. திராட்சைக் குலையில் நாலு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு புளிக்கிறது என்று தீர்ப்புச் சொன்னாள். ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் திருகி மோந்து பார்த்துவிட்டு மூடி வைத்தாள். தள்ளுவண்டியை வழியில் குறுக்காக நிறுத்திவிட்டு, அங்கே சந்தித்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் அவள் மருமகளைப் பற்றி விசாரித்தாள். பிறகு என்னைப் பில் போடும் வரிசையில் நிறுத்தி, இதோ ஒரே நிமிஷம் என்று போனவள் போனவள்தான். எனக்கு முன்னால் ஆட்கள் குறையக் குறையத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். என் முறை வந்தது, அத்தை வரவில்லை. பின்னால் நின்றவர்களெல்லாம் மலையாளத்திலும் தமிழிலும் என்னைத் திட்டினார்கள். மூன்று தடவை வரிசையின் கடைசிக்குப் போய் முதலிலிருந்து நின்றேன். நாலாவது தடவை அழுகை வந்துவிட்டது, அத்தையைத் தேடிக்கொண்டு உள்ளே போனேன்.

காய்கறித் தட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் வெண்டைக்காய்தான். கடை ஆள் பெட்டியிலிருந்து அப்போதுதான் கொட்டிக்கொண்டிருந்தான், பெட்டியில் அப்பா பூசியிருந்த மஞ்சள் பெயிண்டை அத்தையும் கண்டுகொண்டாள். நுனியை ஒடிக்காதீர்கள் என்று தட்டுக்கு மேலே மலையாளத்தில் அட்டை தொங்கியது. அத்தைக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. நான் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னேன்.

"அது காய் பாக்கத் தெரியாதவங்களுக்கு எழுதிப் போட்டது, கண்ணு."

அப்படிச் சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்து ஒடித்தாள். டப். பக்கத்தில் கூடையோடு நின்ற பெண்ணுக்குக் காட்டினாள்.

"பாருங்க, என்ற தம்பி தோட்டத்துக் காயுங்க. தொட்டாலே ஒடியுது பாருங்க."

அவ்வளவுதான், அத்தைக்குக் கை நிற்கவில்லை. ஒன்று, இரண்டு, பத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம். மூன்று வருடம் மண்ணைத் திருத்தினானாம், மருந்தே அடிக்கவில்லையாம், எல்லாரும் வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் சாதித்துக் காட்டினானாம். அந்த எல்லாரிலும் முதல் ஆள் தானென்பதை மட்டும் சொல்லவில்லை. கூட்டம் சேர்ந்துவிட்டது. பார்த்தவர்களும் சும்மா இருப்பார்களா, ஆளுக்கு ஒன்று எடுத்து ஒடித்துப் பார்த்தார்கள். அத்தை என்னையும் முன்னால் தள்ளி, நீயும் ஒடித்துக் காட்டு கண்ணு, உங்க அப்பன் காய்தானே என்றாள். வரிசையில் பட்ட அவமானத்துக்கெல்லாம் சேர்த்து நானும் ஒடித்தேன். எண்ணி ஒடித்தேன், பதினொன்று. கடைசியில் அத்தை அதில் ஒரு காய்கூட வாங்கவில்லை. நம்ம ஊட்டுலயே கெடக்கறப்ப காசு கொடுத்து வாங்குவாங்களா என்று கேட்டுவிட்டு, அரைக் கிலோ சர்க்கரையோடு வெளியே வந்தாள். வீட்டில் வந்து கடையைப் பற்றி ஒரு மணி நேரம் குறை சொன்னாள். வெண்டைக்காயைப் பற்றி மூச்சே விடவில்லை.

மறுநாள் காலை காய் இறக்கிவிட்டு வந்த வண்டியில் முதல் நாள் பெட்டி ஒன்று திரும்பி வந்தது. ஒடித்த நுனியெல்லாம் கறுத்துப்போய், பாதிப் பெட்டிக்கு மேல் அப்படித்தான் கிடந்தது. தோட்டத்திலிருந்தே உடைந்த காய் வந்திருக்கிறது, இனிமேல் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பாவின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஒவ்வொரு காயையும் கண்ணால் பார்த்துத்தானே அடுக்கினேன் என்று அம்மாவிடம் மட்டும் கேட்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தை அப்போது கோயிலுக்குப் போயிருந்தாள்.

உடைந்த காயில் கொஞ்சம் ஒரு பையில் அள்ளி, பையைப் பிடித்துக்கொள்ள என்னை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து அப்பா கடைக்குக் கிளம்பினார். வழி முழுக்கச் சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். சொன்னால் அத்தையோடு சண்டை வரும், அத்தை இன்னொரு மூன்று வருடம் வரமாட்டாள். அதைவிட, நான் ஒடித்த பதினொன்றும் வெளியே வரும். சித்தூர் வரும்வரை வாயைத் திறக்கவில்லை. கோழை என்று இப்போது என்னையே திட்டிக்கொள்கிறேன்.

கடையின் மாடியில் மேனேஜரின் அறை. இளவயதுக்காரர், மலையாளி, எங்களிடம் தமிழில் பேசினார். அப்பா ஒரே பிடியாக நின்றார். நான் முழுக் காயாகத்தான் கொடுத்தேன், ஒடித்தது உங்கள் கடைக்குள்தான், கேமராவைப் போட்டுப் பாருங்கள். என் கையிலிருந்த பை நழுவியது. மேனேஜர் யோசித்துவிட்டு மேஜைமேல் இருந்த டிவியைத் திருப்பினார்.

படம் ஓடியது, சத்தம் இல்லை. கூட்டத்துக்கு நடுவில் பச்சைச் சேலையில் அத்தை, அவள் இடுப்பருகே பின்னலும் முதுகுமாக நான். எடுக்கிறாள், ஒடிக்கிறாள், உயர்த்திக் காட்டுகிறாள், தட்டில் போடுகிறாள். சத்தமில்லாமல் பார்க்கும்போது ஒரு பைத்தியக்காரி கடைக்குள் புகுந்து வேண்டுமென்றே நாசம் செய்வதைப் போலத்தான் இருந்தது. அப்பா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் சட்டை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் தலையில் கை வைத்தார். அத்தையை அவருக்கு யாரென்று தெரியவில்லை, என் முதுகையும் அடையாளம் தெரியவில்லை.

"இது எங்க பாகத்துத் தப்புதான். நாளைக்கு முதல் பழையபடி கொண்டுவாங்க, சேட்டா."

எனக்கு உயிர் வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம், ஓணம் கொண்டாடலாம். அப்பா சரிங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்திருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மனுஷனுக்கு வாய் வரவில்லை.

"அது எங்க அக்காங்க," என்றார். "பக்கத்துல நிக்கறது என்ற புள்ளைங்க."

அட ஆண்டவனே! யார் கேட்டது? மேனேஜர் கேட்டாரா, டிவி கேட்டதா? இத்தனை வருடம் கழித்தும் அந்த இடத்தை நினைத்தால் எனக்கு ஆற்றாமை பொங்கிக்கொண்டு வருகிறது. மேனேஜரின் முகம் மாறிவிட்டது. உங்கள் வீட்டு ஆளே வந்து ஒடித்துவிட்டு எங்கள்மேல் பழி போட வந்தீர்களா என்றார். அப்பா இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். ஓணம் முடியட்டும், பார்க்கலாம் என்று மேனேஜர் எழுந்துவிட்டார். பார்க்கலாம் என்றவர் பிறகு பார்க்கவே இல்லை. அந்த வெண்டைக்காயை அந்த ஓணத்துக்கும் அடுத்த ஒரு வாரத்துக்கும் பச்சடியாகவும் பொரியலாகவும் சாம்பாராகவும் நாங்களே தின்று தீர்த்தோம்.

மேனேஜர் எழுந்ததைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தை வேண்டுமென்று செய்யவில்லை என்று எப்படியாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

"அத்தை கெடுக்கோணும்னு ஒடிக்கலீங்கப்பா. என்ற தம்பி தோட்டத்துக் காயி, எல்லாரும் வேண்டாம்னு சொல்லியும் சாதிச்சுட்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லித்தானுங்கப்பா ஒடிச்சாங்க."

அப்பா என்னைப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நாங்கள் வெளியேறக் காத்திருந்த மேனேஜரிடம், அதை இன்னொருக்கா போடுங்க என்றார். மேனேஜர் சலித்துக்கொண்டே வந்து மறுபடி போட்டார். நான் எத்தனை காய் ஒடித்தேன் என்று எண்ணத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து, பதினொன்று என்று அவர் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தேன். படத்தில் என் கையையோ அத்தையின் கையையோ அவர் பார்க்கவே இல்லை, அத்தையின் வாயை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.