மெட்டியும் தியேட்டர் படிப்பும்

11.6.1962 என்று தேதி போட்ட இன்லண்ட் லெட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது. தேதிக்குப் பக்கத்தில் 'ஞாயிறு' என்று எழுதியிருக்கிறாள் என் தோழி. அன்று திங்கட்கிழமை. நர்ஸ் பயிற்சிக் காலம் முழுவதும் என் பக்கத்துக் கட்டில்காரி. கிழமையில் மட்டும் உலகத்துக்கு ஒரு நாள் பிந்தி இருப்பாள்; மற்ற எல்லாவற்றிலும் எனக்கு முன்னால்.

சென்னையில் ஆபரேஷன் தியேட்டர் சிறப்புப் பயிற்சியில் அவள் சேர்ந்துவிட்டாள். அந்தக் கடிதத்தில் என்னையும் அழைத்திருந்தாள். "பொது வார்டிலேயே கெடந்தா எல்லாம் தெரிஞ்சவன்னு பேரு வரும், ஒண்ணும் முழுசாத் தெரியாது."

தென்காசி ஆஸ்பத்திரியில் எங்கள் மேட்ரன் தடை சொல்லவில்லை. "குத்தாலம் சீசன் முடியதுக்குள்ள சொல்லிரு. தியேட்டர்னா அதுதான் ஆயுசுக்கும். பொறவு வார்டு வேணும்னு வந்து நிக்காத" என்றார்.

எனக்குப் போகத்தான் ஆசை. தியேட்டரில் நோயாளி மயக்கத்தில் இருப்பார், உறவினர் வெளியே இருப்பார்கள். வார்டில் இரண்டும் தலைகீழ்; எனக்கோ உறவினர் பேச்சு ஆகாது.

அந்த ஆடியில் என்னைக் குற்றாலத்துக்கு அனுப்பினார்கள். பேரருவிக்குக் கீழே ஓலைக் கொட்டகையில் முதலுதவி. உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு வழுக்குப் பாறையில் நடப்பது எங்கள் பக்கத்து வீரம். அதனால் வேலைக்குக் குறைவில்லை. சாரல் பஞ்சு மூட்டையை நனைக்காமல் காப்பதுதான் பெரிய பாடு.

ஒரு நாள் சுரண்டை மளிகைக்கடைக்காரர் ஒருவர், நெற்றி புடைக்க, எண்ணெய் சொட்ட வந்து நின்றார்.

"தலைக்குத் தனி நர்ஸம்மா இருக்காங்களா?"

"தலை, காலு, வயிறு எல்லாம் நாந்தான் அண்ணாச்சி."

"அப்ப பலசரக்குன்னு சொல்லுங்க. நம்ம கடை மாதிரிதான்!"

நான் அவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஆய்க்குடியிலிருந்து ஒரு மாமியாரும் நிறைமாத மருமகளும் வந்தார்கள். மருமகளின் கால்விரலில் மெட்டி இறுகிவிட்டது. எண்ணெய் போட்டு இழுத்தும் வரவில்லை.

"வெட்டிராதீங்க தாயி. புருசன் இருக்கையில மெட்டிய வெட்டப்பிடாது. நைசாக் கழட்டி விடுங்க" என்றார் மாமியார்.

"வலி எனக்குல்ல தெரியும். வெட்டுங்கக்கா" என்றாள் மருமகள்.

"ஏட்டி, சும்மா இரி!"

குனிந்து பார்த்தேன். மெட்டி இல்லாத விரல்களும் இரண்டு பாதங்களும் அதே அளவு வீங்கியிருந்தன. கைவளைகளும் சதைக்குள் புதைந்திருந்தன. முகத்தைப் பார்த்தேன்; இமைகள் தடித்திருந்தன.

"தலை வலிக்கா?"

பதில் மாமியாரிடமிருந்து வந்தது. "மூணு நாளாச் சொல்லுதா. அதுக்குத்தான அருவிக்கே கூட்டியாந்தோம். தண்ணி நடுமண்டையில விழுந்தாச் சரியாப் போயிரும்லா?"

ரத்த அழுத்தம் பார்த்தேன்; மிக அதிகம். மெட்டியை மறந்துவிட்டேன். நிறைமாதத்தில் வீக்கமும் தலைவலியும் இந்த அழுத்தமும் சேர்ந்தால், அடுத்து வருவது வலிப்பு. தாய், பிள்ளை இருவருக்குமே ஆபத்து. விஷயத்தைச் சொன்னதும் மாமியார் மருமகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். கட்டு முடியாத தலையோடு எழுந்தவர் கடைக்காரர்தான்.

"நம்ம பிளஷர் கார் நிக்கி. ஏறுங்க."

காரில் அவள் தலை என் மடியில் இருந்தது. தென்காசி வரை மாமியார் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். பிரசவ வார்டில் ஒப்படைத்துவிட்டு மறுபடி கொட்டகைக்குத் திரும்பினேன். இரண்டு நாள் கழித்து, தாயும் ஆண்பிள்ளையும் நலம் என்று மேட்ரன் சொல்லியனுப்பினார்.

சீசன் முடியும் முன்பே அவரிடம் போய் நின்றேன்.

"நான் வார்டிலயே இருக்கேன் மேடம்."

"சொந்தக்காரங்க பேச்சு ஆகாதும்ப?"

"பேசட்டும். அவுங்க பேசுனதுலதான தலைவலியே தெரிஞ்சுது."

மேட்ரன் சிரித்துவிட்டார்.

தோழிக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதினேன். அவள் எடுத்த வழி தவறென்று அன்றும் நான் நினைக்கவில்லை. கத்தியை நீட்டும் கைக்கு அந்தக் கத்தியை முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். அவளிடமிருந்து பதில் உடனே வந்தது, வழக்கம்போல் தப்புக் கிழமையோடு: "சரி, பலசரக்காவே இரு. ஆனா அந்த மெட்டிய வெட்டுனாங்களா, இல்லியா? அத எழுதாம விட்டுட்டியே!"

விசாரித்தேன். வீக்கம் வடிந்ததும் தானாகவே கழன்றது என்றார் வார்டு ஆயா. பிரசவத்துக்கு முன்பே வெட்டியாகிவிட்டது, மாமியாருக்குச் சொல்லவில்லை என்றார் இரவு நர்ஸ். இருவரில் யார் சொன்னது சரி என்று இதுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.